நாற்பத்தொரு பாட்டு யாருக்கு? சிட்லபாக்கத்திலிருந்து கோவளம் வரை ஒரு நாள்

சென்ற வாரம் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: தென்சென்னைப் புறநகரிலிருந்து சொந்த வண்டி இல்லாமல் கிளம்பி, ஒரே நாளில் கோவளம் போய்த் திரும்ப முடியுமா? முடியும். நான் போயிருக்கிறேன். ஆனால் அது 1991 ஜனவரி, பொங்கல் விடுமுறை முடிகிற சனிக்கிழமை. அன்றைய குறிப்புகளை என் ஆய்வுத் தாள்களோடு பத்திரப்படுத்தியிருந்ததால் நேரம், தூரம், டிக்கெட் விலை எல்லாம் கைவசம் இருக்கின்றன. விலைகள் இன்று யாருக்கும் உதவாது. இருந்தாலும் தருகிறேன், படித்துப் பெருமூச்சு விடலாம்.

நான் கடல் பார்க்கப் போகவில்லை. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் எம்.பில். செய்துகொண்டிருந்தேன். பழைய அகப்பாடல்களில் தலைவனுக்காக ஏங்குகிற தலைவி, பின்னால் வந்த பக்திப் பாடல்களில் கடவுளுக்காக ஏங்குகிறவளாக எப்படி மாறினாள் என்பது என் தலைப்பு. காதலின் மொழியைக் கடன் வாங்கித்தான் பக்தி பேசியது என்று நான்கு இயல்கள் எழுதியாயிற்று. ஐந்தாவது இயலுக்கு ஒரு புதையல் கிடைத்திருந்தது. தாம்பரம் மேற்கில், ரயில் நிலைய வாசலில் இருந்த பழைய புத்தகக் கடையில் வாங்கிய எண்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. உள்ளே நீல மையில் நாற்பத்தொரு பாட்டு. எழுதியவர் பெயர் இல்லை. எல்லாமே ‘நீ’ என்று ஒருவரை நோக்கிப் பேசின. அந்த ‘நீ’ யார் என்று எங்குமே சொல்லவில்லை.

அது கடவுள் என்று நான் முடிவு செய்தேன். ஐந்தாவது இயல் முழுக்க அந்த முடிவின் மேல்தான் நின்றது.

ஆல்பர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. ஆல்பர்ட் என் வகுப்புத் தோழன், பல்லாவரத்துப் பையன். ஒன்றரை வருடமாக நூலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து படித்தோம், ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டோம். எங்களுக்குள் என்ன என்று இருவருக்கும் தெரியும், இருவருமே வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவனுக்குச் சிறு வயதிலிருந்தே கல்யாணம் செய்துகொள்ளாத கத்தோலிக்கக் குருவானவராக வேண்டும் என்று ஆசை. அதற்குப் பயிற்சி தருகிற, தெற்கே ஒரு குருமடத்திலிருந்து கடிதமும் வந்திருந்தது. ஜூனில் சேர்வதானால் ஜனவரி முடிவதற்குள் பதில் எழுத வேண்டும்.

நோட்டைப் படித்துவிட்டு அவன் இந்தப் பாட்டில் விரலை வைத்தான்:

உனக்குக் காய்ச்சல் கண்ட நாளில்
என் உள்ளங்கை கொதித்தது.
நெற்றியைத் தொட்டது நான்தான்,
தொடப்பட்டதும் நான்தானோ.

“சாமிக்குக் காய்ச்சல் வருமா வசந்தி?” என்றான்.

“குளிப்பாட்டுறோம், ஊட்டுறோம், தூங்க வைக்கிறோம். காய்ச்சல் மட்டும் ஏன் வரக்கூடாது?”

“நான் தினமும் ஜெபம் பண்றவன். இது ஜெபம் மாதிரி இல்ல. பக்கத்துல படுத்திருக்கிற ஆள்கிட்ட பேசுற மாதிரி இருக்கு.”

வேடிக்கையைப் பாருங்கள். சாமியாராகப் போகிறவன் இது மனிதனுக்கு எழுதியது என்கிறான். எந்தச் சாமியையும் கும்பிடாத நான் இது கடவுளுக்குத்தான் என்று சண்டை போடுகிறேன். மூன்று வாரத்தில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். எழுதியவரையே தேடிப் பிடித்துக் கேட்டுவிடலாம் என்று கிளம்பினோம். கையில் இருந்த ஒரே துப்பு, நோட்டின் உள்ளட்டையில் இருந்த ரப்பர் ஸ்டாம்ப். கடையின் பெயர் அழிந்துபோய், ‘ஸ்டோர்ஸ், கோவிலம்பாக்கம்’ என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.

காலை 6.40க்குச் சிட்லபாக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்பினேன். லைப்ரரிக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். (என் மாணவிகள் யாராவது இதைப் படித்தால் பின்பற்ற வேண்டாம்.) ஏரிக்கரை ஓரமாக நடந்து, சானடோரியம் ஸ்டேஷனுக்கு இருபத்தைந்து நிமிடம். தை மாதமானதால் ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. ஓய்வுபெற்ற பெரியவர்கள் மப்ளர் கட்டிக்கொண்டு நடைப்பயிற்சியில் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அப்பாவின் நண்பர்கள் என்பதால் குனிந்த தலை நிமிராமல் நடந்தேன். 7.12 மின்சார ரயில், டிக்கெட் ஒரு ரூபாய். இரண்டாவது நிறுத்தம் பல்லாவரம். ஆல்பர்ட் பிளாட்பாரத்தில் காத்திருந்தான்.

அப்போது பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கத்துக்கு இன்று இருக்கிற அகலச் சாலை கிடையாது. கீழ்க்கட்டளை வரை பஸ், ஒரு ரூபாய் இருபத்தைந்து காசு. அங்கிருந்து கோவிலம்பாக்கத்துக்கு நடந்தோம். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஒரு பக்கம் அறுவடை முடிந்த வயல், மறுபக்கம் மனை பிரித்து நட்ட வெள்ளைக் கற்கள். 8.35க்கு ஊருக்குள் நுழைந்தோம்.

ஊரில் நோட்டு விற்கிற கடை இரண்டுதான். முதல் கடைக்காரர் தன்னிடம் ரப்பர் ஸ்டாம்பே இல்லை என்றார். இரண்டாவது கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தது ஐம்பது வயதுப் பெண்மணி. பெயர் கஸ்தூரி என்று பிறகு தெரிந்தது. வயலில் பாதியை மனையாக விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் கடையும் பின்னால் இரண்டு வாடகை வீடுகளும் கட்டிய குடும்பம்.

“நம்ம கடை நோட்டுதாம்மா இது. ஆனா யாரு வாங்கினாங்கோன்னு எப்டி சொல்றது? தெனம் பத்து பேரு வாங்கறாங்கோ” என்றவர், ஆல்பர்ட் ஒரு பாட்டைப் படித்துக் காட்டியதும் கையை நீட்டி நிறுத்தினார். “இரு இரு. வலை, கட்டுமரம்னு வருதே. அது நம்ம பின்னாடி வூட்ல இருந்துச்சே, மீன்காரப் பொண்ணு, அது எய்தினதா?”

கஸ்தூரியம்மா சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். கோவளத்திலிருந்து மரியபுஷ்பம் என்று ஒரு பெண், பக்கவாதத்தில் விழுந்த கணவனை அழைத்துக்கொண்டு வந்தாள். ஊரில் எண்ணெய் தேய்த்து வைத்தியம் செய்கிறவர் ஒருவர் இருந்தார். அவரிடம் காட்டுவதற்காக எட்டு மாதம் இவர்கள் வீட்டில் வாடகைக்கு இருந்தாள். குணமாகவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

“எப்பப் பாரு எய்திகினே இருக்கும். ஊருக்கு லெட்டர் எய்துதுன்னு நெனைச்சிகினு இருந்தேன். வூட்டைக் காலி பண்ணிட்டுப் போச்சா, பரண்மேல ஒரு பை கெடந்துச்சி. நான்தான் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன்.” அவருடைய முகம் வாடிவிட்டது. “பாட்டுன்னு தெரிஞ்சிருந்தா போட்டிருப்பேனா? நீங்க பாத்தா சொல்லுங்கம்மா, கஸ்தூரியக்கா தெரியாம பண்ணிட்டான்னு.”

‘புருஷன்’ என்று கேட்டதுமே ஆல்பர்ட் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். “எழுதினவங்களுக்குப் புருஷன் இருந்தா, பாட்டு புருஷனுக்குன்னு ஆயிடாது” என்றேன். வாதம் சரிதான். குரல்தான் எனக்கே பலவீனமாகக் கேட்டது.

9.20க்கு அங்கிருந்து மேடவாக்கத்துக்கு பஸ். பிறகு சோழிங்கநல்லூருக்கு ஒன்று, பழைய மகாபலிபுரம் சாலையில் கேளம்பாக்கத்துக்கு ஒன்று, கோவளத்துக்கு ஒன்று. கோவிலம்பாக்கத்திலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரைக் கடக்க மொத்தம் நான்கு பஸ், ஆளுக்கு ஆறு ரூபாய் ஐம்பது காசு. பயணத்தைவிடக் காத்திருப்பு அதிகம். கடற்கரைச் சாலை அன்று இப்போது போல் இல்லை, கோவளம் போகிறவர்கள் பெரும்பாலும் கேளம்பாக்கம் வழியாகத்தான் போவார்கள். கேளம்பாக்கம் தாண்டியதும் இரு புறமும் உப்பளம். வெயிலில் கண் கூசும். நான் மடியில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு முப்பத்தொன்றாம் பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கட்சிக்கு அதுதான் பலம்:

கண்ணை மூடிக்கொள் ராசா,
நான் கொஞ்சம் தூங்கணும்.
நீ மூடாத வரைக்கும்
எனக்கு ராத்திரி இல்லை.

தேவர்கள் இமைப்பதில்லை என்பது நம் மரபு. இமைக்காத கடவுளைப் பார்த்து, உன் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, சற்றே கண்ணை மூடு என்று பக்தை உரிமையோடு கோபிக்கிறாள். பழிப்பது போலப் புகழ்வது, நிந்தாஸ்துதி. இப்படி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். என் பேராசிரியை ஓரத்தில் சிவப்பு மையில் ‘அருமை’ என்று போட்டிருந்தார். நான் எழுதியதிலேயே சிறந்த இரண்டு பக்கம் அவை என்று எனக்கும் நினைப்பு.

கோவளத்தில் இறங்கியபோது மணி 12.25. மாதா கோயிலுக்குப் பின்னால் மீனவர் குடியிருப்பு. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் மரியபுஷ்பம் வீட்டைக் கேட்டோம். “சூசை வூடா? நீலக் கதவு, நேராப் போ” என்றார்.

வாசலில் ஒரு பெண் மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுகூட இருக்காது. தினமும் விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, கேளம்பாக்கம் சந்தையில் விற்றுவிட்டு, பதினொரு மணிக்குத் திரும்பிவிடுவாளாம். நான் நோட்டை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

“இது எங்க கெடைச்சுது?”

சொன்னேன். கஸ்தூரியக்கா தெரியாமல் போட்டுவிட்டார் என்பதையும் சொன்னேன்.

“நீங்க படிச்சீங்களா?”

“படிச்சோம்க்கா. ரொம்ப நல்லா இருந்துச்சு. நான் இதை வெச்சுதான் காலேஜ்ல ஒரு கட்டுரை…”

“எல்லாத்தையுமா? அந்த முப்பத்தொண்ணையுமா?”

நான் தலையாட்டினேன். அவள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். எங்களை உள்ளே வரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. பாராட்டு என்று நினைத்து நான் கொண்டுவந்தது அவளுக்கு வேறு ஏதோவாக இருந்தது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

ஆல்பர்ட்தான் அவள் எதிரில் மணலில் குந்தி உட்கார்ந்தான். “அக்கா, எங்களுக்குள்ள ஒரு சண்டை. இது சாமிக்கு எழுதினதுன்னு இவங்க சொல்றாங்க. அண்ணனுக்கு எழுதினதுன்னு நான் சொல்றேன். அதைக் கேட்கத்தான் வந்தோம். உங்களைச் சங்கடப்படுத்த வரல.”

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு லேசாகச் சிரித்தாள்.

“இதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க? எய்தறப்போ அப்டியெல்லாம் பிரிக்கத் தெரியாதுப்பா. அவரு மேல கோவம் வந்தா சாமிக்கு எய்துவேன். சாமி மேல கோவம் வந்தா அவருக்கு எய்துவேன். ஒருத்தர் மேல கோவமா இருக்கறப்போ இன்னொருத்தர்கிட்டதானே பேச முடியும்?”

“முப்பத்தொண்ணு?” என்று கேட்டது நான்தான். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

“அது ரெண்டு பேரு மேலயும் கோவமா இருந்த அன்னிக்கு எய்தினது.” குரலைத் தாழ்த்தினாள். “எட்டு மாசம் எண்ணெ தேச்சும் ஒண்ணும் ஆவல. அவருக்குத் தூக்கம் கெடையாது. திரும்பிப் படுக்க முடியாது, எறும்பு கடிச்சா சொல்ல முடியாது. கண்ணை மட்டும் தொறந்து என்னையே பாத்துகினு இருப்பாரு. நானும் தூங்காம எத்தினி நாளு இருக்கறது? இவரு போயிட்டா நான் தூங்கலாமேன்னு நெனைச்சேன். அதான் எய்தினேன். போய்டுன்னு அர்த்தம்.”

நிந்தாஸ்துதி. இமைக்காத தேவர்கள். ஓரத்தில் சிவப்பு மையில் ‘அருமை’.

“எய்திட்டேனே தவிர, மனசு கேக்கல. எல்லாப் பாட்டையும் அவருக்குப் படிச்சுக் காட்டுவேன், இதை மட்டும் ஒளிச்சா அது துரோகம் மாதிரி இருந்துச்சி. நாலு நாள் கழிச்சுப் படிச்சுக் காட்டினேன். அவரு தலையை ஆட்டினாரு. சரிதான், எனக்கும் அதான் வேணும்னு. அன்னிக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் சேந்து அழுதோம். அதுக்கப்புறம் அந்த நெனைப்பு எனக்கு வரல.” நோட்டை இப்போதுதான் கையில் வாங்கினாள். “நீ காலேஜ்ல இன்னா வேணா எய்திக்கோம்மா. எம் பேரு வேணாம். அந்தப் பாட்டு மட்டும் வேணாம். அது எனக்கும் அவருக்கும். ஊருக்கு இல்ல.”

சரிக்கா என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, இயலின் மையமே அதுதான் என்று மனம் கணக்குப் போட்டது. அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடத்தை மரியபுஷ்பம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு, “எடுத்துடறேன்க்கா” என்றேன்.

அதன் பிறகுதான் உள்ளே கூப்பிட்டாள். ஒரே அறை. கயிற்றுக் கட்டிலில் சூசை. நல்ல உயரமான மனிதர், தோள் மட்டும் இன்னும் மீனவத் தோளாகவே இருந்தது. வலது கையும் இரண்டு கால்களும் விழுந்து ஆறு வருடம். பேச்சு இல்லை. சுவரில் மாதா படம், கீழே சின்ன விளக்கு. அறையில் எண்ணெய் வாசமும் டெட்டால் வாசமும் கலந்திருந்தன. மரியபுஷ்பம் கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினாள். நாலாவது வாயில் அவர் இடது கையால் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். கஞ்சி அவள் சேலை முழுக்கத் தெறித்தது.

“வெளியாளுங்க வந்தா கொஞ்சம் மொரண்டு ஜாஸ்தி” என்று எங்களிடம் சொல்லிவிட்டு, துணியை எடுத்து முதலில் அவர் மோவாயைத் துடைத்தாள், பிறகு தரையை, கடைசியில் தன் சேலையை. முகத்தில் தியாகக் களை எதுவும் இல்லை. சலிப்பு இருந்தது, பழக்கம் இருந்தது. மிச்சக் கஞ்சியை மறுபடியும் ஊட்டினாள்.

எங்களுக்கும் சோறு போட்டாள். ஆல்பர்ட் சங்கரா மீன் குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். மீன் சாப்பிடாத எனக்கு ரசமும் வற்றலும்.

சாப்பிட்டு முடித்ததும் ஆல்பர்ட் கேட்டான்: “அண்ணன் கடலைப் பார்த்து எவ்வளவு நாளாச்சுக்கா?”

“மூணு வருசம் இருக்கும். நான் ஒண்டியாத் தூக்க முடியுமா? பக்கத்துல இருக்கறவங்களைத் தெனம் கூப்ட முடியுமா?”

“இன்னிக்கு நான் இருக்கேனே.”

எதிர் வீட்டிலிருந்து லூர்து என்ற மீனவரைக் கூப்பிட்டான். கட்டிலோடு தூக்க வாசல் அகலம் போதவில்லை. ஆல்பர்ட் குனிந்து, சூசையின் அக்குளில் கை கொடுத்து நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான். ஆள் கனம். சூசை பயத்தில் அவன் சட்டைக் காலரை இறுகப் பிடித்துக்கொண்டார். வெளியே கொண்டுவந்து, நாற்காலியில் உட்கார வைத்து, லூர்துவும் அவனுமாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இருநூறு அடி தூரத்துக்கு இரண்டு முறை இறக்கி வைத்தார்கள். ஈர மணலுக்குப் பக்கத்தில், ஏற்றி வைத்திருந்த கட்டுமரங்களுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டபோது மணி 2.40.

சூசை கடலைப் பார்த்தார். ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு கொஞ்சம் தள்ளி ஒரு கட்டுமரத்தைக் கட்டிக்கொண்டிருந்த இருவரைப் பார்த்து, தொண்டையிலிருந்து ஒரு பெரிய சத்தம் எழுப்பினார். நாங்கள் பதறிவிட்டோம். லூர்து சிரிக்க ஆரம்பித்தார். “கயிறு தப்பாக் கட்றானுங்களாம். திட்றாரு!” கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டு, “இப்டியா சூசைண்ணா? இப்டியா?” என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்டுக் கட்டினார்கள். சூசை வாயைத் திறந்து, கோணலாக, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.

மரியபுஷ்பம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “பாரும்மா. ஆறு வருசமா நான் பாக்கறேன், என்னைப் பாத்து ஒரு வாட்டி இப்டி சிரிச்சிருப்பாரா? இந்த உப்புத் தண்ணியப் பாத்து பல்லைக் காட்றாரு.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வெயில் படாமல் இருக்க முந்தானையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு மணி நேரம் அப்படியே நின்றாள்.

காதலுக்குப் பதில் வேண்டும், பக்திக்கு வேண்டாம் என்று நான் என் முதல் இயலில் ஒரு கோடு கிழித்திருந்தேன். அந்த மணலில் நின்று பார்த்தபோது அந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

4.30க்குக் கோவளத்தில் பஸ் ஏறினோம். கேளம்பாக்கத்தில் மாறி, வண்டலூர் வழியாகத் தாம்பரம். கேளம்பாக்கத்திலிருந்து தாம்பரம் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் நான்கு ரூபாய். பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஆல்பர்ட்டின் சட்டையில் அந்த எண்ணெய் வாசம் ஒட்டியிருந்தது.

“நீ சொன்னதுதான் சரி” என்றேன்.

“ரெண்டு பேருமே தப்பு. நீயா, ஆண்டவரான்னு நான் ஆறு மாசமாத் தூங்காம யோசிக்கிறேன். அந்தக்காவுக்கு அப்படி ஒரு கேள்வியே வரல, பார்த்தியா?”

‘நீயா’ என்ற சொல்லை அவன் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிக்கொண்டேதான் சொன்னேன்: “அவங்களுக்கு ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்காங்க ஆல்பர்ட். உனக்கு அப்படி இல்ல. குருமடத்துல எனக்கு இடம் கிடையாது.”

அவன் தன் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அப்புறம் சொன்னான்: “அண்ணனைத் தூக்கும்போது அவர் என் காலரைப் பிடிச்சார் இல்ல? அப்ப எனக்கு வேற எதுவுமே வேணாம்னு தோணுச்சு. நீகூட வேணாம்னு. அதை உன்கிட்ட மறைக்கக் கூடாது.”

வலித்தது. ஆனால் பொய் சொல்லவில்லை அவன். படித்துக் காட்ட முடியாத பாட்டைப் படித்துக் காட்டுகிறவர்களை அன்று மத்தியானம்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். நானும் சொன்னேன்: “எனக்கு உன்னைப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். நீ போறதா இருந்தா, இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போ. தெரியாத மாதிரி போகாதே.”

“தெரிஞ்சுக்கிட்டேதான் போறேன்” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. வண்டலூர் வந்தது. மிருகக்காட்சி சாலை பார்த்துவிட்டுத் திரும்புகிற குடும்பங்கள் பலூனும் குழந்தைகளுமாக ஏறின. எங்கள் சீட்டிலேயே மூன்றாவதாக ஒரு அம்மா உட்கார்ந்து, தாம்பரம் வரை தன் மகனுக்கு வயிற்றுவலி என்று பேசிக்கொண்டே வந்தார். 6.35க்கு இறங்கினோம்.

முப்பத்தொன்றாம் பாட்டையும் அந்த இரண்டு பக்கங்களையும் எடுத்துவிட்டு ஐந்தாவது இயலைத் திரும்ப எழுதினேன். ‘அருமை’ போட்ட பேராசிரியை வருத்தப்பட்டார், காரணத்தைச் சொன்னதும் தடுக்கவில்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்டார்: “முடிவாக, இந்தப் பாடல்களின் ‘நீ’ கடவுளா, கணவனா?” “எழுதியவரையே கேட்டேன் ஐயா. அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை” என்றேன். அது ஆய்வு முடிவு ஆகாது என்றார். ஆனாலும் பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

ஆல்பர்ட் அந்த ஜூனில் கிளம்பினான். வழியனுப்ப எழும்பூர் வரைக்கும் போனேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் தலைவலி என்று படுத்திருந்தேன். 1994இல் எனக்குக் கல்யாணம். என் கணவருக்கு இந்தக் கதை முழுதும் தெரியும். பதிவைப் போடச் சொன்னதே அவர்தான்.

1997இல் சூசை இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, நான் மட்டும் கோவளம் போனேன். மரியபுஷ்பம் இளைத்திருந்தாள். இப்போது தூக்கம் வருகிறதா என்று கேட்க வாய் வரவில்லை. எழுதுகிறீர்களா என்று கேட்டேன். “எய்தறேன். முன்ன மாதிரி மாத்தி மாத்தி எய்த வேண்டியதில்ல. ரெண்டு பேருக்கும் இப்ப ஒரே அட்ரஸ்தானே” என்றாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். இன்று சாலைகள் நன்றாக இருக்கின்றன. தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக இரண்டு பஸ்ஸில் போய்விடலாம், கோவிலம்பாக்கம் சுற்றத் தேவையில்லை. மீன் விற்பனையைப் பார்க்க விரும்பினால் காலை ஏழு மணிக்குள் கரையில் இருங்கள். பத்துக்கு மேல் மணல் சுடும், செருப்பு அவசியம். மீனவர் குடியிருப்புக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு நுழையாதீர்கள், கேட்டுவிட்டு எடுங்கள். கிடைத்ததையெல்லாம் வெளியிட வேண்டும் என்பதும் இல்லை. இந்தப் பதிவில்கூடப் பெயர்களை மாற்றியிருக்கிறேன். முப்பத்தொன்றாம் பாட்டை மரியபுஷ்பத்திடம் கேட்டு, இத்தனை வருடம் கழித்து அவள் சரி என்று சொன்ன பிறகுதான் மேலே போட்டேன்.

ஆல்பர்ட் இப்போது மலைப்பக்கம் ஒரு சின்னப் பங்குக் கோயிலில் குருவானவராக இருக்கிறார். படுக்கையில் கிடக்கிறவர்களுக்காக ஒரு இல்லம் நடத்துகிறார். வருடத்துக்கு ஒரு கடிதம் வரும். இன்னமும் கையால் எழுதி, தபாலில்தான். ‘அன்புள்ள வசந்தி’ என்று ஆரம்பிப்பார். அது எந்த அன்பு என்று நான் ஆராய்வதில்லை. என் கணவர் தபாலை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, “உனக்கு லெட்டர்” என்று சொல்லி, எனக்குக் காப்பி போடப் போவார்.